உள்ளே போகுமா?: தருமபுரியை அடைதல் குறித்த ஓர் ஆய்வு

சேலம் புதிய பஸ் நிலையத்தில், இரவு ஒன்பது மணி வாக்கில், பெங்களூர் போகும் பஸ் ஒன்று உறுமிக்கொண்டு நிற்கிறது. நெற்றியில் தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர், பெங்களூர் என்று நான்கு ஊர்ப் பெயர்கள். தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவன் ஏறி, ஜன்னலோரம் இடம் பிடித்து, பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்கிறான். வண்டி நகர்ந்த பிறகு கண்டக்டர் வருகிறார்.

‘தருமபுரி ஒண்ணு.’

‘உள்ள போகாது சார். பைபாஸ்ல எறங்கிக்கிறீங்களா?’

பலகையில் தருமபுரி இருக்கிறது. சீட்டிலும் தருமபுரி அச்சாகிறது. கட்டணமும் தருமபுரிக்கு உரியதுதான். ஊர் மட்டும் அந்த ஏற்பாட்டில் சேரவில்லை. தருமபுரிக்குப் போகும் பஸ் தருமபுரிக்குப் போகாது என்ற இந்த முரணைப் பல்கலைக்கழகங்கள் இதுவரை கண்டுகொள்ளாதது ஏன் என்று விளங்கவில்லை. துணைவேந்தர்கள் காரில் போவதால் இருக்கலாம். எப்படியும் யாராவது ஒருவர் தொடங்க வேண்டும் என்பதால், பைபாஸ் மேம்பாலத்தடியில் பல இரவுகள் நின்ற தகுதி ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு நான் தொடங்குகிறேன். முதலில் ஒரு நூற்பா:

பலகை கூறுதல் பயணம் ஆகாது;
நடத்துநர் வாய்மொழி நம்பற் பாற்றே.

இச்சூத்திரம் என் நுதலிற்றோ எனின், பஸ்ஸின் நெற்றியில் எழுதியதற்கும் பஸ் சேரும் இடத்துக்கும் உள்ள உறவின்மையை உணர்த்துதல் நுதலிற்று. நுதல் என்றால் நெற்றி என்பதால் இங்கே உரையாசிரியருக்குச் சிலேடையும் இலவசமாகக் கிடைத்தது. ‘வாய்மொழி’ என்றமையால் கையசைப்பு விலக்கப்பட்டது. ஓடும் பஸ்ஸிலிருந்து கண்டக்டர் கையை வெளியே நீட்டி ஆட்டுவது ‘ஏறு’ என்றும் ‘ஏறாதே’ என்றும் ஒரே அசைவில் பொருள்படும் ஆகலின்.

அற்றேல், ‘உள்ளே’ என்பது யாது? இதில்தான் ஆய்வு சூடு பிடிக்கிறது. ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி வரை போகும் தேசிய நெடுஞ்சாலை 44, நாட்டிலேயே நீளமானது, தருமபுரியின் தோளை உரசிக்கொண்டு போகிறது. ஸ்ரீநகரில் கிளம்பி, அந்தச் சாலையை விடாமல் பிடித்துக்கொண்டு வருகிறவர், யாரிடமும் வழி கேட்காமல் மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடந்து தருமபுரி ஓரத்துக்கு வந்து சேர்ந்துவிடலாம். அதற்குப் பிறகு மிஞ்சியிருக்கும் கொஞ்ச தூரம்தான் கடினம். இரவு பதினோரு மணிக்கு அந்தக் கொஞ்ச தூரத்துக்கு ஆட்டோ கேட்கும் தொகையையும் காஷ்மீரத்திலிருந்து வந்த செலவையும் ஒப்பிட்டுப் பார்ப்பது மனத்துக்கு நல்லதல்ல.

மாவட்ட எல்லையைக் கொண்டு ‘உள்ளே’யை வரையறுக்கலாமே என்பாரும் உளர். அது பொருந்தாது. சேலம் மாவட்டத்திலிருந்து 1965 அக்டோபர் 2 அன்று தருமபுரி மாவட்டம் பிரிந்தது. 2004 பிப்ரவரியில் அதிலிருந்து கிருஷ்ணகிரி மாவட்டம் பிரிந்தது. ஆக 2004 ஜனவரியில் ஓசூரில் படுத்துத் தூங்கியவர் தருமபுரி மாவட்டத்துக்குள்ளேதான் தூங்கினார். மார்ச்சில் அதே கட்டிலில் படுத்தவர் வெளியே கிடந்தார். கட்டில் நகரவில்லை. பெயரைக் கொண்டும் தீர்மானிக்க முடியாது. அரசுப் பலகைகளில் தருமபுரி, தனியார் பஸ்களில் தர்மபுரி. போதாக்குறைக்குத் தெலங்கானாவில், ஜகித்யால் மாவட்டத்தில், கோதாவரிக் கரையில் நரசிம்மர் கோயிலோடு இன்னொரு தர்மபுரி இருக்கிறது. செல்போன் வரைபடத்தில் அவசரமாக விரலை வைத்தால் அந்த ஊருக்கு நேராக உள்ளேயே கொண்டுபோய் விடும். ஆகவே ‘உள்ளே’ என்பது கண்டக்டர் மனத்தில் இருக்கும் இடம் என்று கொள்வதே முறை.

அந்த மனம் மூன்று விதமாகப் பேசும். ‘போகும்’, ‘போகாது’ என்ற இரண்டும் எளியவை, ஆய்வுக்கு உதவாதவை. மூன்றாவதான ‘ஏறுங்க, பாக்கலாம்’ என்பதே அரியது. இதில் ஏறியவர் ஒரு தேர்தலில் வாக்காளர் ஆகிவிடுகிறார். தொப்பூர்க் கணவாய் ஏறும்போது கண்டக்டர் எழுந்து நின்று, ‘தருமபுரி எத்தன பேரு?’ என்று எண்ணுவார். தூங்குகிறவர்கள் கை தூக்காததால் தோற்றுப்போன இரவுகள் எனக்கு உண்டு. பக்கத்து இருக்கைக்காரரின் கையையும் சேர்த்துத் தூக்கிப் பார்த்திருக்கிறேன். கிருஷ்ணகிரிக்குச் சீட்டு எடுத்திருந்த அவர் விழித்துக்கொண்டு என்னைப் பார்த்த பார்வையை இங்கே விவரிக்க வேண்டியதில்லை.

இந்தச் சிக்கல் நெடுஞ்சாலைத் துறையால் வந்தது என்று நினைப்பவர்கள் இலக்கியம் படிக்காதவர்கள். தருமபுரியின் பழைய பெயர் தகடூர். அதியமான் நெடுமான் அஞ்சியின் ஊர். அங்கே போவது எப்படி என்பதற்குத் தமிழில் ஒரு தனி நூலே இருந்தது. பெயர் தகடூர் யாத்திரை. பெயரைப் பார்த்ததும் புளியோதரையும் தண்ணீர்க் கூஜாவும் நினைவுக்கு வரக் கூடாது. யாத்திரை என்றது படையெடுப்பை. போனவன் சேரன் பெருஞ்சேரல் இரும்பொறை. அவன் உள்ளே போனதை அவ்வளவு பெரிய சாதனையாகக் கருதியதால்தான் ‘தகடூர் எறிந்த’ என்பது அவன் பெயருக்கு முன்னால் பட்டமாக ஒட்டிக்கொண்டது. சேலத்தையோ ஓசூரையோ ‘அடைந்த’ என்று பட்டம் பெற்ற அரசர் எவரும் என் பார்வைக்குக் கிட்டவில்லை. அந்த நூல் முழுதாகக் கிடைக்காமல் போய்விட்டது. புறத்திரட்டிலும் உரைகளிலும் சில பாடல்கள்தான் மிஞ்சியிருக்கின்றன. தருமபுரிக்கு வழி சொல்லும் புத்தகம் வழியில் தொலைந்தது என்பது ஆய்வாளனுக்குத் துக்கம், ஆய்வுக்கு அனுகூலம்.

படையில்லாமல் வந்தவர் ஔவையார். அவருக்கும் வாசலில் தடை. பரிசில் தரத் தாமதித்தபோது அவர் கோபித்துக்கொண்டு பேசியது அதியமானிடம் அல்ல, வாயில் காவலனிடம். புறநானூற்றின் 206ஆம் பாட்டு அது. ‘உள்ளே’ என்பதை முடிவு செய்யும் அதிகாரம் மன்னனிடம் இல்லை, வாசற்படியில் நிற்பவனிடம் இருக்கிறது என்பதை இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே கண்டுகொண்டவர் அவர். இன்றைய பஸ்ஸில் வாசற்படியில் நிற்பவர் யார் என்று சொல்ல வேண்டுமா? தொண்டைமானிடம் தூது போனதும் ஔவைதான். தகடூரிலிருந்து காஞ்சிபுரத்துக்கு மேற்கொண்ட அந்த அலுவல் பயணத்துக்குப் படி வழங்கியதாகக் குறிப்பு ஏதும் இல்லை. 2021 மே மாதத்துக்குப் பிறகு வந்திருந்தால், உள்ளூர்ப் பயணத்துக்காவது பிங்க் பஸ்ஸில் ஏறி, கட்டணமில்லாச் சீட்டைக் கிழித்து வாங்கிக்கொண்டு, காவலனைப் பாடாமலே போயிருப்பார். புறநானூற்றில் ஒரு பாட்டு குறைந்திருக்கும்.

ரயில் உண்டே என்று கேட்கலாம். உண்டு, அதனாலேயே சிக்கல் இரட்டிப்பாகிறது. சென்னையிலிருந்து சேலம் வழியாக மேற்கே போகும் பெரிய பாதை தருமபுரியைத் தொடுவதில்லை. மொரப்பூர், பொம்மிடி என்று மாவட்டத்தின் கிழக்கு ஓரமாகவே நழுவிப் போய்விடுகிறது. தருமபுரி என்ற பெயரோடு நிலையம் இருப்பது சேலம்–பெங்களூர் பாதையில். இதை அறியாத சென்னைவாசி மொரப்பூரில் விடியற்காலை இறங்கி, பிளாட்பாரத்தில் டீ விற்பவரிடம் ‘தருமபுரி?’ என்று கேட்டால், ‘வெளிய போனா பஸ் வரும்’ என்பார். வரும். ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர்.

இந்த இடைவெளியை வெள்ளைக்காரன் கவனிக்காமல் இல்லை. 1906ல் மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு இரண்டரை அடி அகலத்தில் ஒரு குட்டி ரயில் பாதை போட்டான். பிறகு அது ஓசூர் வரை நீண்டது. பஞ்சம் வந்தால் தானியம் கொண்டுவர உதவும் என்பது அதன் நோக்கங்களில் ஒன்று. இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1941ல் அதை மூடினார்கள், தண்டவாளமும் போயிற்று. உலகப் போர்களில் ஊர்கள் வீழ்ந்த வரலாற்றை எழுதுகிறவர்கள் இந்த வீழ்ச்சியைச் சேர்ப்பதில்லை. மொரப்பூர்–தருமபுரிக்கு 36 கிலோமீட்டரில் புதிய அகலப் பாதை போட 2019ல் அடிக்கல் நாட்டினார்கள். ‘ரயிலு வந்துரும்’ என்று டீக்கடையில் சொல்லும் பெரியவர்களில் சிலர், சின்ன வயதில் ‘ரயிலு இருந்துச்சு’ என்று தங்கள் அப்பா சொல்லக் கேட்டவர்கள். இருந்ததும் வரப்போவதும் ஒரே ரயில் என்பது தத்துவத் துறைக்கு ஒப்படைக்க வேண்டிய விஷயம்.

சிரிப்பை நிறுத்திச் சொல்ல வேண்டிய ஒன்று இங்கே வருகிறது. சுப்பிரமணிய சிவாவுக்குச் சிறையில் தொழுநோய் வந்தது. அதைக் காரணம் காட்டி அவர் ரயிலில் ஏறக் கூடாது என்றது பிரிட்டிஷ் அரசு. அவர் நடந்தும் கட்டை வண்டியிலும் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். பாரதமாதாவுக்குக் கோயில் கட்ட அவர் தேர்ந்தெடுத்த இடம் இந்த மாவட்டத்துப் பாப்பாரப்பட்டி. 1925 ஜூலை 23 அன்று அங்கேயே இறந்தார். கண்டக்டர் ‘உள்ள போகாது’ என்று சொன்னதற்காக நான் ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அந்தப் பாப்பாரப்பட்டிக்குத்தான் நான் ஒருநாள் கிளம்பினேன். தருமபுரியில் வெளியூர் பஸ் ஸ்டாண்டும் டவுன் பஸ் ஸ்டாண்டும் பக்கம் பக்கமாக இருக்கின்றன. எந்த ஊர் ‘வெளி’, எந்த ஊர் ‘டவுன்’ என்பதை உள்ளூர்க்காரர் தாய்ப்பாலோடு கற்கிறார், வந்தவர் இரண்டிலும் ஒரு சுற்றுச் சுற்றிக் கற்கிறார். நான் சுற்றி முடித்தபோது ஒரு பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. பின்படியில் நின்ற பையன், ‘பாப்ப்...ட்டி பாப்ப்...ட்டி பாப்ப்...ட்டி’ என்று கூவினான். தாவி ஏறிவிட்டேன். அரை மணி நேரம் கழித்து, மேற்கே போக வேண்டிய என் முகத்துக்கு நேராக வெயில் அடிப்பதைக் கண்டேன். காலை வெயில். கிழக்கே போய்க்கொண்டிருந்தேன்.

இம்மாவட்டத்தில் பாப்பாரப்பட்டி என்று ஓர் ஊர் மேற்கில் உண்டு. பாப்பிரெட்டிப்பட்டி என்று இன்னோர் ஊர், தாலுகா தலைநகர், தென்கிழக்கில் உண்டு. எழுத்தில் இவை இரண்டும் தெளிவாக வேறு. வாயில், அதுவும் நகரும் பஸ்ஸின் படியில் ஒற்றைக் காலில் நிற்கும் வாயில், நடு அசைகள் எல்லாம் காற்றோடு போய்த் தலையும் வாலும் மட்டும் மிஞ்சும். இடைக்குறை என்று இலக்கணம் சொல்லுவது இதைத்தான் போலும்; ஆனால் இலக்கணப்படி இடைக்குறையால் பொருள் மாறாது, இங்கே முழுசாக ஒரு நாள் மாறிவிட்டது. இறங்கிய இடத்தில் எதிர்ப்பக்கம் நின்று திரும்ப பஸ் பிடித்தேன். பக்கத்தில் புளி மூட்டையோடு நின்ற அம்மா, ‘ரெண்டுக்கும் கொழம்பாதவங்க யாரு தம்பி? என் மருமகனே பொண்ணு பாக்க வந்தப்ப அங்க போயிட்டாரு’ என்றார். அந்தக் கல்யாணம் நடந்ததா என்று கேட்கத் தோன்றவில்லை. மருமகன் என்றதால் நடந்திருக்க வேண்டும்.

ஊர்ப் பெயர் ஆராய்ச்சிக்கு இந்த மாவட்டத்தைப் போல விளைச்சல் தரும் நிலம் குறைவு. தெற்கே ‘பட்டி’ என்று முடியும் பெயர்கள் வடக்கே போகப் போக ‘ஹள்ளி’ ஆகின்றன. மாரண்டஹள்ளியைப் பஸ்ஸில் ‘மாரண்டள்ளி’ என்று சுருட்டினால்தான் கண்டக்டருக்குப் புரியும். ஊரை ஒட்டியே இலக்கியம்பட்டி என்று ஒரு பட்டி இருக்கிறது. அங்கே டவுன் பஸ் போகிறது. தமிழகத்தில் வேறெங்கும் சில்லறைக் காசில் இலக்கியத்தைச் சென்றடைய முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. அப்படியும் அங்கே இறங்குகிறவர்களில் பெரும்பாலோர் கலெக்டர் ஆபீஸுக்கு மனுவோடு போகிறவர்கள்.

தூரம் பற்றிய கலைச்சொற்களையும் தொகுத்தேன். ‘பக்கந்தான்’ என்றால் நடந்தால் செருப்பு தேயும். ‘இதோ இங்கதான்’ என்றால் ஆட்டோ வேண்டும். ‘கொஞ்சம் தூரம் சார்’ என்று ஆட்டோக்காரர் சொன்னால் அந்த இடம் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. ‘நாலு ரோட்டாண்ட’ என்பது இந்த அளவைமுறையின் மூலப்புள்ளி. தருமபுரியில் எல்லா இடமும் நாலு ரோட்டுக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோதான் இருக்கும். எந்தப் பக்கம் ‘இந்த’ என்பது சொல்கிறவர் அப்போது எங்கே பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பதைப் பொறுத்தது. பட்டுக்கூடு அங்காடி நாலு ரோடு பக்கம் என்று கேள்விப்பட்டுப் போனவன் நான். கூட்டுப் புழுக்களே எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டன.

தோளில் பையோடு நிற்கிறவன் எங்கே போவான் என்பதில் இவ்வூருக்குச் சந்தேகமே கிடையாது. ‘ஒகேனக்கல்லா?’ என்பார் ஆட்டோக்காரர். இல்லை என்றால், ‘ஒகேனக்கல் பஸ்ஸு அங்க நிக்குது’ என்பார் நிப்பட்டு விற்பவர். மறுத்தாலும் இரக்கத்தோடு பார்ப்பார்கள், பாவம், தண்ணி அதிகமா வருதுன்னு தடை போட்டிருப்பாங்க என்று. நான் வந்தது கோட்டைக் கோயிலில் தரையைத் தொடாமல் நிற்கும் தூணைப் பார்க்க என்று ஒருவரிடம் சொன்னேன். ‘அது எங்கயும் போயிடாது, ஒகேனக்கல் பாத்துட்டு வாங்க’ என்றார். நியாயமான வாதம்.

போனேன். பென்னாகரம் வழியாக 46 கிலோமீட்டர். புகையும் பாறை என்று கன்னடத்தில் பொருள்படும் ஊர். என் ஆய்வின் பெரிய திருப்பம் அங்கேதான் நிகழ்ந்தது. ‘உள்ளே போகலாமா?’ என்ற கேள்விக்கு எண்ணில் பதில் சொல்லும் ஒரே இடம் மாவட்டத்தில் அது. பிலிகுண்டுலுவில் காவிரியை அளக்கிறார்கள். நொடிக்கு இத்தனை கன அடி என்று தினமும் பேப்பரில் வருகிறது. ஏறினால் பரிசலுக்குத் தடை, இறங்கினால் அனுமதி. ‘ஏறுங்க, பாக்கலாம்’ என்ற மூன்றாம் வகைக்கு அங்கே இடமில்லை. பரிசலோ முழு வட்டம்; மூங்கில் கூடை. அதற்கு முன்புறம் பின்புறம் கிடையாது, நெற்றி கிடையாது, ஆகவே பலகை மாட்ட முடியாது. எனது நூற்பாவின் முதலடி அங்கே செல்லாமல் போயிற்று. பாறைகளுக்கு நடுவே பரிசல்காரர் வேண்டுமென்றே ஒரு சுழற்று சுழற்றினார். நான் இரண்டு கைகளாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, ‘அண்ணா, எந்தப் பக்கமா போறோம்?’ என்றேன். ‘தண்ணி போற பக்கம்’ என்றார்.

திரும்பி வந்த மறுநாள் தருமபுரி அகழ்வைப்பகத்தைத் தேடினேன். ஆட்டோக்காரருக்கு அந்தச் சொல் பிடிபடவில்லை. மியூசியம் என்றதும், ‘கல்லு வெச்சிருக்கிற எடமா?’ என்று நேராகக் கொண்டுபோய் விட்டார். ஊருக்கு ஊர் நடுகல் கிடைக்கும் மாவட்டத்தில் அதைவிடச் சுருக்கமான வரையறை இருக்க முடியாது. நான் தேடிய கல் வீரனுக்கு நட்டதல்ல, வழிப்போக்கனுக்கு நட்டது. 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகச் சொல்லப்படும் மைல்கல். இது அதியமான் பெருவழி, இங்கிருந்து நாவற்றாவளத்துக்குக் காதம் 29 என்று சொல்கிறது. தாவளம் என்றால் வணிகர்கள் தங்குமிடம். எழுத்தோடு நிறுத்தவில்லை. படிக்கத் தெரியாதவன் என்ன செய்வான் என்று யோசித்த யாரோ ஒருவர், கல்லில் பெரிய குழி இரண்டும் சிறிய குழி ஒன்பதும் தோண்டி வைத்திருக்கிறார். பெரியது பத்து, சிறியது ஒன்று. இருட்டில் வருகிறவன்கூட விரலால் தடவி எண்ணிக்கொள்ளலாம்.

நானும் எண்ணினேன். இருபத்தொன்பது. ஒரு காதம் என்பது எவ்வளவு என்பதில் அறிஞர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை என்பது பிறகு நினைவுக்கு வந்தது. அதாவது, ஐயத்துக்கு இடமில்லாத எண், அளவு தெரியாத அலகு. ‘பக்கந்தான்’ எங்கிருந்து வந்தது என்பதற்கு இதைவிட நல்ல கல்வெட்டுச் சான்று எனக்குக் கிடைக்கப்போவதில்லை. ஆனாலும் பைபாஸ் மேம்பாலத்தடியில் இந்தக் கல்லைக் கொண்டுபோய் நட்டால் தேவலை என்று பட்டது. இருட்டில் தடவிப் பார்க்க ஏதாவது இருக்கும்.

ஆய்வை முறையாக முடிக்கக் களப்பணி ஒன்று பாக்கி இருந்தது. பஸ் ஸ்டாண்டுக்கு வந்து டைம் கீப்பர் அறை ஜன்னலில் குனிந்தேன்.

‘சார், நாவற்றாவளம் பஸ் எங்க நிக்கும்?’

அவர் பேரேட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. ஏதோ ஒரு பஸ்ஸின் எண்ணை எழுதி முடித்து, அடியில் கோடு போட்டார்.

‘நேர் பஸ் கெடையாது. அரூர் போயி மாறிக்கோங்க.’

‘உள்ள போகுமா?’

‘கண்டக்டரக் கேட்டுக்கோங்க’ என்றார்.